மூச்சு விட்ட கிணறு

எங்கள் படிப்பின் பெயரை நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். இயற்கை வளப் பாதுகாப்பு. பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த இளநிலைப் பட்டம். வண்ணார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் அதைத் தோட்டக்கலை என்றோ, காட்டிலாகா வேலைக்கான பயிற்சி என்றோ முடிவு செய்துகொண்டார்கள். அப்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மண்ணு, தண்ணி, காத்து எல்லாத்தையும் பத்திப் படிக்கா" என்பார். அது பெருமையா வருத்தமா என்று அவர் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் ஆண்டில் கள ஆய்வு செய்ய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தும் செய்யலாம் என்றார்கள். நானும் காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டோம். அவள் விடுதியில் தங்கிப் படித்தாள். வாப்பா சவூதியில் வேலை பார்த்தார். பகலில் மட்டும்தான் வெளியே போவேன், பொழுது சாய்வதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவேன் என்று உம்மாவிடம் சத்தியம் செய்து அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு ஊரின் கிணறுகளில் தண்ணீர் மட்டம் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று அளந்து எழுத வேண்டும். அதுதான் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு. நுனியில் இரும்புக் குண்டு கட்டிய கயிறும், ஒரு பையும், தலைக்குத் துணியும் போதும். வகுப்பில் மற்றவர்கள் களக்காட்டு மலைக்கும் கூந்தன்குளத்துப் பறவைகளுக்கும் போனபோது எங்களுக்கு இது கிடைத்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊர் தாழையூத்துக்கு வடக்கே இருந்தது. ஆற்றங்கரையில் வாழையும் நெல்லும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு பூமி. உடை முள் மரங்களும், தரையில் எலும்புத் துண்டு போலக் கிடக்கிற வெள்ளைக் கற்களும்தான். சுண்ணாம்புக்கல் ஓடுகிற நிலம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் செருப்பெல்லாம் வெளுத்துவிடும்.

ஊரில் எங்களுக்குத் துணையாக வந்தவர் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். பம்பாயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஆனி மாதம் ஒரு காலையில் அவர் எங்களை ஒவ்வொரு கிணறாகக் கூட்டிப் போனார். எல்லாவற்றையும் அளந்து முடித்தபோது, "எங்க வீட்டுப் பின்னால ஒண்ணு கிடக்கு. யாரும் புழங்குறதில்ல. வேணும்னா பாத்துக்கிடுங்க" என்றார்.

ஆழமான பழைய கிணறு. சுற்றுச்சுவரில் வெடிப்பே இல்லை, உள்ளே படிக்கற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் சுவரில் ஒரு குருவிக்கூடு இல்லை, ஒரு ஆல் கன்று முளைத்திருக்கவில்லை. கைவிடப்பட்ட கிணற்றில் அது எப்படி என்று அப்போதே எனக்குப் பட்டது. தோழி குனிந்து கயிற்றை இறக்கினாள். அவள் தலையில் போட்டிருந்த துப்பட்டா தோளிலிருந்து நழுவி, சுவரின் மேல் விழுந்தது; ஆனால் தொங்கவில்லை. கிணற்றுக்குள் இழுபட்டு, யாரோ கீழே நின்று நுனியைப் பிடித்திருப்பது போல விறைப்பாக நின்றது. வெளியே ஒரு இலை அசையவில்லை. அவள் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்து மீட்டு மார்போடு சுருட்டிக்கொண்டாள். மேலே ஏதோ காற்று வீசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த முறை பஸ் தாமதமாகி உச்சிப் பொழுதில் போய்ச் சேர்ந்தோம். அந்த நேரத்தில் அந்த ஊரே கதவடைத்துக் கிடக்கும். ஒரு ஆடு கூட வெயிலில் நிற்காது. நாங்கள் நேராகப் பின்பக்கம் போனோம். சுவருக்குப் பத்தடி இருக்கும்போதே முகத்தில் குளிர்ச்சி அடித்தது. ஈரக் கல்லின் வாடை. கிணற்றுக்குள் கிடந்த காய்ந்த வேப்பிலைகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி, விளிம்பைத் தாண்டி வந்து வெளியே மண்ணில் விழுந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், பைய. கூடவே ஒரு சத்தம். தூங்குகிற பெரிய உடம்பு ஒன்று வாயைத் திறந்து மூச்சு விடுகிற சத்தம்.

"உச்சியில கிட்ட போகாதீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அடுக்களை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். அண்ணாச்சியின் அண்ணன் மனைவி. அவர் அவளைவிட மூத்தவரானாலும் மதினி என்றுதான் கூப்பிடுவார். அவள் புருஷன் அந்தக் கிணற்றில் செத்துப் போனார் என்பதை அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அடுத்தடுத்து நாங்கள் போன நாட்களில், முருங்கைக் கீரை உருவிக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நாங்கள் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தோம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. சித்திரை வெயில். கிணற்றில் தூர் எடுக்க அவர் காலையிலேயே இறங்கினார். மேலே ஒரு ஆள் நின்று கூடையை இழுத்துக் கொட்டினான். நடுவில் ஒரு தொந்தரவும் இல்லை, கீழே பாட்டுக்கூடப் பாடினாராம். அக்கா சமைத்து முடித்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சந்தான் கிடக்கு, அள்ளிட்டு வாரேன் என்றார். சோறு ஆறுது என்று இவள் மறுபடி கூப்பிட்டாள். ஏறி வந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரம் படுத்தார். மிச்சத்தை அள்ளிவிட்டு வருகிறேன் என்று போனவர் பாதிப் படியில் ஒரு வார்த்தை பேசாமல் கையை விட்டுவிட்டார். காப்பாற்ற இறங்கினவனுக்கும் கண் இருட்டி, நல்லவேளையாக ஏறிவிட்டான்.

காலையில் இறங்கி ஏறின மனுஷன் மத்தியானம் ஏன் சாக வேண்டும்? உச்சியில் இறங்கினான், கிணற்றுப் பேய் பிடித்துக்கொண்டது என்றது ஊர். வந்த மருமகள் ராசி என்றாள் மாமியார். அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுப் பக்கம் யாரும் வரவில்லை. அக்கா மட்டும் அடுக்களையில் அதற்கு எதிரே உட்கார்ந்தே அத்தனை வருஷத்தையும் கழித்திருந்தாள். விடிவதற்கு முன்னாலும் அது மூச்சு விடும் என்றாள். அந்தச் சத்தத்தில்தான் தினமும் எழுந்துகொள்வாளாம்.

எங்களுக்கு நிலவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம் போய்க் கேட்டோம். அவர் முதலில் சிரித்தார், பிறகு நாங்கள் சொன்ன நேரங்களைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் தண்ணீர் கரைத்த பெரிய பொந்துகள் இருக்கும். அவற்றுக்குக் கிணறுதான் வாசல் என்றார். காற்றுக்கு எடை உண்டு. நம் பக்கத்தில் காலை பத்து மணி வாக்கில் அது கூடி நிற்கும், பிறகு சாயங்காலம் நாலு மணி வரை குறையும். கூடும்போது வெளிக்காற்று உள்ளே போகும். குறையும்போது பொந்துக்குள் அடைபட்ட காற்று வெளியே வரும். அந்தக் காற்றில் உயிர் தாங்காது. ஒரு அரிக்கேன் விளக்கை இறக்கிப் பாருங்கள் என்றார்.

அண்ணாச்சி முன்னிலையில் இறக்கினோம். காலையில் விளக்கு அடிவரைக்கும் எரிந்துகொண்டே போனது. கீழே ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. அதே விளக்கை மத்தியானம் இறக்கியபோது, பாதி ஆழம் போவதற்குள் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, சிறுத்து, தண்ணீரில் முக்கியது போல அணைந்தது. மேலே இழுத்தால் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. வெயில் எங்கள் முதுகைப் பொசுக்கிக்கொண்டிருக்கையில் அந்தக் கண்ணாடி சில்லென்று இருந்தது.

தோழிக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னாள். பேயும் இல்லை, ராசியும் இல்லை, வெறும் காற்றுதான் என்றாள். காலையில் உள்ளே போகிற காற்று நல்லது, மத்தியானம் வெளியே வருகிற காற்று கெட்டது, அவ்வளவுதான் என்றாள். அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று இரண்டு தடவை விசாரித்தாள்.

"அப்ப, மிச்சத்தையும் அள்ளிட்டே ஏறியிருந்தாவன்னா, திரும்ப இறங்க வேண்டியிருந்திருக்காது" என்றாள்.

தோழியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அத்தனை நாளும் கிணற்றின் மேல் இருந்த பழி, நாங்கள் சொன்ன ஒரு பேச்சில் அடுக்களைக்குள் வந்துவிட்டது. தோழிதான் மெதுவாக, "அன்னைக்குக் காத்து எப்படி இருந்துச்சோ, யாருக்குக்கா தெரியும்" என்றாள். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தோழி ஜன்னலோரம் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று தெரிந்தது.

அண்ணாச்சிக்கு வேறு யோசனை ஓடியது. பேய் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா? கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்துவிடலாம், காலையில் மட்டும் ஆள் இறக்கினால் போகிறது என்றார். நாங்கள் ஆசிரியரிடம் சொன்னோம். அவர், எதற்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அதையும் அண்ணாச்சியிடம் சொன்னோம். வெளியூரிலிருந்து கிணறு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். புரட்டாசி முழுக்க வேலை நடந்தது. காலையில் இறங்குவார்கள், வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடுவார்கள். மத்தியானத்தில் அந்தச் சத்தம் கேட்கும்போது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள். முதலில் சில நாட்கள் விளக்கு இறக்கினார்கள். காலையில் அது ஒரு நாளும் அணையவில்லை. அப்புறம் விட்டுவிட்டார்கள்.

அக்காவும் மாறிப்போயிருந்தாள். முன்பு அடுக்களை வாசலைத் தாண்டாதவள், இப்போது சுவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். கையில் எப்போதும் ஒரு காய்ந்த இலை இருக்கும். விளிம்பில் வைத்து விடுவாள், உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்ப்பாள். மதினிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அண்ணாச்சி எங்களிடம் தனியாகக் கேட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை நாங்கள் போனபோது வானம் கறுத்துக் கிடந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று முதல் நாள் வானொலியில் சொல்லியிருந்தார்கள். இன்னும் மழை இறங்கவில்லை. காகங்கள் கூடச் சத்தம் போடாத ஒரு காலை. பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தோம், மழைக்கு முன் அளந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று.

பின்பக்கம் போனால் வேலை நின்று கிடந்தது. வடம் உருளையில் தொங்கியது. மூத்த வேலைக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றார். அக்கா அவருக்கு முன்னால், கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில், கையை விரித்து நின்றாள். அண்ணாச்சி அவளை விலகச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை வந்தால் வேலை கெட்டுவிடும், காலை நேரம்தானே, தினமும் இறங்குகிற நேரம்தானே என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எங்களைப் பார்த்ததும்தான் பேசினாள்.

"வெளிய வருது. நேத்து ராத்திரியிலேர்ந்து நிக்கல. ஒரு தடவைகூட உள்ள இழுக்கல."

அவள் முந்தானை நுனி தோளுக்கு மேலே எழும்பி ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெளியே காற்றே இல்லை. காலை நேரத்தில் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஒன்று தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்கிறது என்று மட்டும் பட்டது. தோழிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. புயல் என்றாள். புயல் வரும்போது காற்றின் எடை இறங்கிக்கொண்டே போகும் இல்லையா, காலை மாலை என்று பார்க்காமல்? நாங்கள் படித்ததுதான், தேர்வில் எழுதியதும்தான். இந்தக் கிணற்றோடு அதைச் சேர்த்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றாமல் போயிருந்தது.

"அண்ணாச்சி, விளக்கை இறக்குங்க" என்றேன்.

விளக்கை ஏற்றி இறக்கினார்கள். சுவர் விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரம் கூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றி இறக்கினார்கள். அதே இடத்தில் அணைந்தது. கிணறு கழுத்துவரை நிறைந்து நின்றது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றால். மூத்த வேலைக்காரர் சுவரிலிருந்து காலை எடுத்தார். கட்டியிருந்த கயிற்றை இன்னொருவர் அவிழ்த்துவிட்டார். அவர்கள் கடப்பாரைகளையும் வாளியையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மழைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மறுபடி வரவில்லை.

அண்ணாச்சி சுவருக்கு எட்டத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அக்காவைப் பார்த்து, "மதினி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"இந்தப் பிள்ளையளுதான சொன்னாவ. வெளிய வந்தா கெட்ட காத்துன்னு. நான் மணியப் பாக்கல, காத்தத்தான் பாத்தேன்" என்றாள் அவள்.

மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போக வழியில்லாமல் அடுக்களையில் அக்காவோடு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. மழைத் தாரைகள் கிணற்றுக்கு நேர் மேலே வந்ததும் லேசாகச் சிதறுவது போல எனக்குப் பட்டது. அது என் கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். அக்கா எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். புருஷன் இறந்த அன்றைக்கு மேகம் இருந்ததா என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லையாம். வெயில் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது நினைத்தால், சோறு போடும்போது வீட்டுக்குள் இருட்டாக இருந்தது போலவும் இருக்கிறது என்றாள்.

பாளையங்கோட்டையில் வானிலை ஆபீஸ் இருக்கிறது, தேதி சொன்னால் போய்க் கேட்டுவருகிறோம் என்றாள் தோழி. அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"மேகம் இருந்தா என்ன, வெயில் அடிச்சா என்ன. காலையிலேர்ந்து மண்ணள்ளுதாவ, பசிச்சிருக்கும்லா. கூப்பிடாம எப்படி இருப்பேன்?"

தோழி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மழை விடும் வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

எங்கள் ஆய்வறிக்கையில் அந்தக் கிணற்றைப் பற்றிய பகுதியை ஆசிரியர் பாதியாகக் குறைக்கச் சொன்னார். காற்று எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது, சுண்ணாம்புப் பாறை, பொந்துகள், எச்சரிக்கை. அக்கா அதில் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டிவிட்டு, இதில் பயப்பட எதுவும் இல்லை, எல்லாம் இயற்பியல்தான் என்றார். ஆமாம் சார் என்றோம்.

தை மாதம் விடைபெற்றுக்கொள்ளப் போனோம். தோழிக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள்; அதைச் சொல்லவும்தான். அண்ணாச்சி மோட்டார் ஆசையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு, கிணற்றின் வாயைக் கல் பலகைகளால் மூடியிருந்தார். ஒரு மூலையில் மட்டும் பலகை விலகி, ஒரு கை நுழைகிற அகலத்துக்கு இருட்டு தெரிந்தது. அவர் அதை நகர்த்தி மூடுவாராம், மறுநாள் பார்த்தால் திறந்திருக்குமாம். சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

அவர் உள்ளே போன பிறகு அக்கா தானாகவே சொன்னாள். "முழுசா மூடின அன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. விடியுத வரைக்கும் முழிச்சிக் கிடந்தேன். எனக்குத்தான் மூச்சு முட்டிட்டு."

பேசிக்கொண்டே அவள் அந்த இடைவெளியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள், அடுப்பில் அனல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"இப்பதான் திரும்புது" என்றாள். "கை வச்சுப் பாக்குதியளா?"

நாங்கள் வைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினோம். தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள், கையை எடுக்காமல்.